செட்டிநாட்டுப் பொட்டலும் வால்பாறைக் காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா வாழ்க்கைப்பட்டது வால்பாறையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில். நான் இருப்பது காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில், கண்மாய்க்கரை ஊர் ஒன்றில். லீவு விட்டால் அக்கா பிள்ளைகள் இங்கே வருவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வேன் பிடித்து நான் அங்கே கூட்டிப் போவேன். அங்கிருந்து வருகிறவர்களுக்கு இங்கே எல்லாம் காய்ந்து கிடப்பது போலத் தெரியும். இங்கிருந்து போகிறவர்களுக்கு நம் ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும். இரண்டு எண்ணமும் எனக்கு வருத்தம் தருபவை. வேனிலும் திண்ணையிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

1. செட்டிநாடுன்னு எதைச் சொல்றீங்க, மலைன்னு எதைச் சொல்றீங்க?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கும் நகரத்தார் ஊர்களும் அவற்றைச் சுற்றிய நிலமும்தான் செட்டிநாடு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர் எல்லாம் இதில் வரும். செம்மண், செம்புராங்கல், இடையிடையே கண்மாய், ஊரணி. பிரான்மலை, குன்றக்குடி மாதிரி சில குன்றுகளை விட்டால் மற்றதெல்லாம் சமவெளி. காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை.

மலை என்று நான் சொல்வது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமலைப் பகுதியை, அதிலும் வால்பாறையை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம்.

2. ரெண்டும் தமிழ்நாடுதானே. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வரைபடத்தில் பார்த்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பத்து டிகிரி வடக்கில் இருக்கின்றன. நேர்க்கோட்டில் அளந்தால் நடுவில் சுமார் 200 கிலோமீட்டர்தான். உச்சி வெயில் இரண்டு இடத்துக்கும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. வித்தியாசம் உயரத்திலும் மழையிலும் இருக்கிறது.

ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் அது மேலே ஏற வேண்டியிருக்கிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறுங்காற்று. ஆடி மாதம் நம் ஊரில் புழுதி பறக்கும் அதே நாட்களில் வால்பாறையில் துணி காயாது. அக்கா வீட்டில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவார்கள்.

நமக்கு மழை வங்காள விரிகுடாவிலிருந்து, ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு சில வாரங்களில் பெய்துவிடும். வால்பாறை வட்டாரத்தில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இனி வரப்போகிற பதில்களில் பாதி, இந்த மழைக் கணக்கிலிருந்துதான் வரும்.

3. நம்ம ஊர்ல காடே கிடையாதே, வெறும் முள்ளுப் புதர்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். காடு என்றால் உயரமான மரமும் இருட்டும் அருவியும் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. நம் நிலத்துக்கென்று ஒரு காடு உண்டு. அதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மரங்கள் அதிகம் போனால் 9 முதல் 12 மீட்டர் வரை வளரும். இலைகள் சின்னதாக, தடிப்பாக, தோல் போல இருக்கும். ஆனால் சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். இந்த வகைக் காடு உலகத்தில் பரவலாக இருப்பதல்ல. சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலத்திலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும்தான் இருக்கிறது.

இதைப் பார்க்க எங்கே போவது என்றால், ஐயனார் கோயிலுக்குத்தான். மண் குதிரைகளுக்குப் பின்னால் இருக்கிற கோயில் காட்டுக்குள் பத்தடி போய்ப் பாருங்கள். உலக்கை செய்ய உதவும் பாலை, வீரை, நீலப்பூ பூக்கும் காயா (எங்கள் பக்கம் காசான் என்பார்கள்), குருந்து, மகிழம், நாவல், அழிஞ்சில் எல்லாம் நிற்கும். கீழே சூரையும் காரையும் பிரண்டையும். சாமி மரத்தில் கை வைக்கக் கூடாது, விழுந்த குச்சியைக்கூட அடுப்புக்கு எடுத்து வரக் கூடாது என்று அப்பத்தா காலத்தில் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பயபக்தி இல்லையென்றால் இந்த மரங்களை இன்று நாம் பெயரளவில்தான் தெரிந்துவைத்திருப்போம்.

காட்டுக்கு வெளியே இருப்பது முட்புதர் நிலம். அதிலும் உசிலை, வெள்வேல், இலந்தை, ஆவாரை, வெப்பாலை, மஞ்சணத்தி என்று அடையாளம் சொல்லி நடந்தால் ஒரு காலைப்பொழுது போதாது. கணக்கேட்டில் அது 'தரிசு' என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அதை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள்.

4. மலையில எல்லா இலையும் பெரிசா பளபளன்னு இருக்கு. இங்கே ஏன் இத்துனூண்டு இலை?

இலை என்பது மரத்தின் சமையலறை. அதே நேரம், தண்ணீர் ஆவியாகி ஓடிப்போகும் வாசலும் அதுதான். தண்ணீர் இல்லாத ஊரில் வாசலைச் சின்னதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதனால் உசிலைக்கும் வேலத்துக்கும் பொடி இலை. வெப்பாலை மாதிரி மரங்கள் வெயில் காலத்தில் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். பாலையும் வீரையும் உதிர்க்காமல் இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளும்.

வால்பாறையில் மரத்துக்கு வேறு கவலை. தண்ணீர் அதிகம், வெளிச்சம் குறைவு. மேலே இருக்கிற மரங்கள் கூரை போட்டுவிடுவதால் கீழே இருக்கிற செடிக்கு வெயில் எட்டாது. கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அகல இலை. அந்த இலைகளின் நுனியைக் கவனியுங்கள். பல இலைகளில் வால் மாதிரி நீண்டிருக்கும். மழைநீர் தங்காமல் வடிந்துபோவதற்கு அந்த நுனி. தங்கினால் பாசி பிடித்துவிடும்.

5. அப்போ முள்ளு? அது மழைக்காட்டில் கிடையாதா?

உண்டு. பிரம்புக் கொடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அந்த முள் சட்டையை விடாது. ஆனால் அங்கே முள் சில செடிகளுக்குத்தான். இங்கே சூரை, காரை, இலந்தை, வேலம் என்று திரும்பிய பக்கமெல்லாம் முள். வறண்ட நிலத்தில் ஓர் இலையை ஆடு கடித்துவிட்டால் அதைத் திரும்பத் துளிர்க்க வைக்கத் தண்ணீர் வேண்டும். அடுத்த மழை எப்போதோ. இருக்கிற இலையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் லாபம்.

6. மாமா, உங்க ஊர் மரமெல்லாம் ஏன் குட்டையா இருக்கு?

இது அக்கா மகள் கேட்டது. வெடிப்பலாவும் நாங்கு மரமும் 30, 40 மீட்டருக்கு வளர்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே மரங்களுக்குள் போட்டி வெளிச்சத்துக்காக. யார் உயரமோ அவர்களுக்கு வெயில். ஈர மண்ணில் அவ்வளவு உயரம் நிற்க, அடிமரம் பலகை பலகையாக விரிந்து முட்டுக்கொடுக்கும்.

இங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. போட்டி தண்ணீருக்கு. அதனால் மரம் தன் பலத்தை வேரில் போடுகிறது. மேலே பார்த்துக் குட்டை என்கிறோம், கீழே தோண்டிப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

7. யானை, புலி எல்லாம் அங்கே மட்டும் ஏன்?

ஒரு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். அது கூட்டமாக வாழும் விலங்கு. கோடையில் வற்றிப்போகும் கண்மாயை நம்பி அது இருக்க முடியாது. புலிக்கு மான், காட்டுமாடு மாதிரி பெரிய இரையும் தொடர்ச்சியான காடும் தேவை. வயலும் ஊரும் சாலையும் கலந்து கிடக்கிற நம் நிலத்தில் அந்த இரண்டும் இல்லை.

நம் விலங்குகள் சின்ன உடம்புக்காரர்கள், பெரும்பாலும் இரவில் வெளியே வருகிறவர்கள். நரி, காட்டுப்பூனை, மரநாய், முயல், எறும்புத்தின்னி எல்லாம் வெயில் அடங்கிய பிறகுதான் நடமாடும். பகலில் கீரியும் உடும்பும் கண்ணில் படலாம். வால்பாறையில் பகலிலேயே யானையைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே மத்தியானம் பொட்டலில் நின்று 'ஒன்றுமே இல்லையே' என்பது நியாயமில்லை. அந்த நேரத்தில் அவையெல்லாம் வளையில் தூங்குகின்றன.

8. வரையாடு நம்ம வெள்ளாடு மாதிரிதானே? இங்கே வளர்க்கலாமா?

முடியாது, கூடவும் கூடாது. வரையாடு உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில்தான் இருக்கிறது. குளிர்ந்த உச்சிப் புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அதன் வீடு. சிறுத்தையோ செந்நாயோ துரத்தினால் நம்மால் நிற்கக்கூட முடியாத பாறைச் சரிவில் ஏறித் தப்பித்துக்கொள்ளும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க எண்ணியபோது 1,031 இருந்தன. நம் மாநில விலங்கு அது. வால்பாறை சாலையில் ஒன்பதாவது வளைவில் பல தடவை பக்கத்திலேயே நிற்கும். வண்டியை விட்டு இறங்கித் தீனி நீட்டாதீர்கள்.

9. மயில் இங்கே இவ்வளவு பெருகிடுச்சே, மலைக்காட்டுக்குள்ள ஒண்ணுகூட பார்க்கலையே?

மயில் தரையில் மேயும் பறவை. அதற்குத் திறந்த வெளி வேண்டும், தானியமும் பூச்சியும் வேண்டும், இரவுக்கு உயரமாக ஒரு மரம் வேண்டும். இருட்டான மழைக்காட்டுக்குள் அவ்வளவு நீளத் தோகையை இழுத்துக்கொண்டு அது என்ன செய்யும்? வறண்ட புதர் நிலம்தான் அதன் சொந்த வீடு. கேரளச் சமவெளியில் முன்பு அரிதாக இருந்த மயில் இப்போது பெருகுவதை, அந்த நிலம் வறண்டு வருவதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

இங்கே பெருகியதற்குப் பல காரணம் சேர்ந்திருக்கிறது. முட்டையையும் குஞ்சையும் பிடிக்கிற நரியும் காட்டுப்பூனையும் குறைந்துவிட்டன. விவசாயம் நின்றுபோன நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டி, ஒளிய இடம் கிடைத்துவிட்டது. 1963-இல் தேசியப் பறவையானது, பிறகு 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு கொடுத்தது. குன்றக்குடி பக்கத்தில் முருகன் வாகனம் என்று யாரும் கல் எறியவும் மாட்டார்கள். நாற்றங்காலையும் கடலையையும் மயில் கிளறிவிட்டுப் போகும்போது விவசாயிக்கு வயிறு எரிவது உண்மை. நரியை நாம் ஒழித்துவிட்டு மயிலை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

10. சிங்கவால் குரங்கும் பிள்ளையார்பட்டி குரங்கும் ஒரே சாதியா?

தூரத்துப் பங்காளிகள். கோயில்களில் தேங்காய் பிடுங்குவது நாட்டுக் குரங்கு. தலைமுடி வட்டமாகத் தொப்பி வைத்தது போல இருக்கும். எதையும் தின்னும், எங்கும் வாழும். தென்னிந்தியாவில் சமவெளியிலும் மலையிலும் உண்டு, வால்பாறை கடைத்தெருவிலும் அதைப் பார்க்கலாம்.

சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, அப்படியில்லை. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மழைக்காட்டு மரக்கூரையிலேயே பிறந்து அங்கேயே வாழ்கிறது. வெடிப்பலாவின் பூவும் காயும் அதற்கு முக்கியமான உணவு. தேயிலைக்காகக் காட்டைத் துண்டு துண்டாக்கியதால் வால்பாறையில் சில கூட்டங்கள் தரைக்கு இறங்கி சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். புதுத்தோட்டம் பக்கம் போகும்போது அண்ணாந்து பாருங்கள், தெரியும். நம் குரங்கு ஊர் மாறினாலும் பிழைத்துக்கொள்ளும், சிங்கவால் குரங்குக்கு அந்தக் காட்டை விட்டால் போக்கிடமில்லை.

11. இருவாச்சியைப் பார்த்துட்டு வந்துட்டோம். நம்ம ஊர்ல காட்ட அந்த அளவுக்கு என்ன இருக்கு?

இருவாச்சியைப் பார்த்த பிள்ளைகள் ஒரு வாரம் அதே பேச்சாகத்தான் இருப்பார்கள். அதில் தப்பில்லை. பெரிய மரப்பொந்துக்குள் பெட்டை போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்கிறது. ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். மாதக்கணக்கில் ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். அந்தப் பொந்துக்குக் கிழட்டு மரம் வேண்டும், பழத்துக்கு அத்தி மரங்கள் வேண்டும்.

நம்மிடம் வேட்டங்குடி இருக்கிறது. திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால், தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, இராக்கொக்கு, அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நம் வயலிலும் கண்மாயிலும் இருக்கிற நத்தையைப் பிடித்து உள்ளிருப்பதை உருவி எடுக்க வாகான அலகு அது.

இருவாச்சியை இரண்டு, மூன்றாகப் பார்க்கலாம். இங்கே ஒரு மரத்திலேயே அத்தனை கூடு. மழை பொய்த்த வருடத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது பதிலில் சொன்ன மழைக்கணக்கு பறவைக்கும் பொருந்தும்.

12. கண்மாய் வத்துனதும் தவளையும் மீனும் எங்கே போகுது? மழை பெஞ்ச ராத்திரியே கத்துதே?

எங்கேயும் போகவில்லை, காலுக்கு அடியில்தான் இருக்கின்றன. நம் நிலத்துத் தவளைகளில் சில, பின்னங்காலால் மண்ணைத் தோண்டிப் பின்புறமாகவே உள்ளே இறங்கிவிடும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, முதல் பெருமழை மண்ணில் இறங்கியதும் மேலே வந்து கத்தும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் சேற்றுக்குள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

மழைக்காட்டில் தவளைக்கு அந்த அவசரமில்லை. ஈரம் எப்போதும் இருப்பதால் மரத்திலேயே வாழ்கிற தவளைகள் அங்கே உண்டு. ஆனைமலையில் விரல்களுக்கு நடுவே சவ்வு விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிற பச்சைத் தவளையே இருக்கிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரு மண்ணுக்குள் வாழி உண்டு, ஊதா தவளை. வருடத்தில் சில நாள் மட்டும், மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். 2003-இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. அதன் நெருங்கிய உறவினர் இருப்பது சேஷெல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி அது.

13. பாம்பு எங்கே அதிகம்? எங்கே பயப்படணும்?

வகை மலையில் அதிகம். மனிதனுக்கு ஆபத்து சமவெளியில் அதிகம். நாட்டில் அதிக உயிரைப் பறிக்கிற நான்கு பாம்புகளும், அதாவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நம் வயலிலும் வரப்பிலும் வாழ்பவை. எலி இருக்கிற இடத்தில் அவை இருக்கும், நாமும் அங்கேதான் இருக்கிறோம். இரவில் வரப்பில் நடக்கும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது.

மலையில் ராஜநாகம் உண்டு. அதன் முக்கிய உணவே மற்ற பாம்புகள்தான். சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும். மரக்கிளையில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் இருக்கும்.

14. அட்டை நம்ம ஊர்ல ஏன் கடிக்கிறதில்லை?

நிலத்து அட்டைக்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நம் செம்மண்ணில் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். வால்பாறைக்கு மழை நாளில் போகிறவர்கள் காலுறைக்குள் பேன்ட்டைச் சொருகிக்கொள்ளுங்கள்.

15. கல்பாசி இல்லாம செட்டிநாட்டுக் குழம்பே இல்லைங்கிறாங்க. அது இங்கே எந்தச் செடியில விளையுது?

பல ஆச்சிமார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கல்பாசி செடியே இல்லை. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி ஓர் உடம்பாக வாழ்கிற உயிர். குளிர்ந்த, ஈரமான மலைகளில் பாறையிலும் மரப்பட்டையிலும் இலை இலையாகப் படரும். கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இருக்கிறது, இமயமலையிலிருந்தும் சந்தைக்கு வருகிறது. நம் ஊர்ப் பாறையிலும் அந்த இனத்தவர் உண்டு. ஆனால் இந்த வெயிலில் இலையாக விரிய முடியாமல் சாம்பல் நிறத் திட்டாக ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பிரான்மலை ஏறும்போது பாறையில் சுண்ணாம்புக் கறை போலத் தெரிவதில் பல அதுதான்.

மிளகும் ஏலமும்கூட மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டின் சொந்தப் பிள்ளைகள். அன்னாசிப்பூ சீனம், வியட்நாம் பக்கத்திலிருந்து வருவது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நம் பக்கத்து வறண்ட மண்ணைப் பிடித்துக்கொண்டது. காரத்தில் பாதி மலை, பாதி சமவெளி.

16. நம்ம வீட்டுத் தேக்குத் தூணெல்லாம் அந்த மழைக்காட்டு மரமா?

இல்லை. பெரிய வீடுகளின் தூணும் நிலையும் பெரும்பாலும் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு. ஆனைமலையிலும் தேக்கு உண்டு. வெட்டிய மரத்தை மலைமேலிருந்து சறுக்கி விட்டதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். ஆனால் தேக்கு கோடையில் இலை உதிர்க்கும் காட்டு மரம். எப்போதும் பச்சையாக இருக்கிற வெடிப்பலாக் காட்டுக்குள் அது வளராது. ஒரே மலையிலேயே உயரமும் மழையும் மாற மாறக் காடு மாறுகிறது. ஆழியாறில் முட்புதர், கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு, வால்பாறையில் மழைக்காடு, அதற்கும் மேலே சோலையும் புல்வெளியும். வேனில் போகும்போது தூங்கிவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது இதற்காகத்தான். கீழே முதல் சில வளைவுகளில் தெரிவது நம் ஊர்க் காட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

17. ரெண்டு பக்கமும் இருக்கிற உயிர் எதுவுமே இல்லையா?

நிறைய உண்டு. நாவல் மரம், மரநாய், நாட்டுக் குரங்கு, காகம், மைனா. எனக்குப் பிடித்த உதாரணம் தேவாங்கு. ஒரே இனம், இரண்டு வடிவம். சாம்பல் நிறம் வறண்ட முட்காட்டுக்கு, செம்பழுப்பு நிறம் மலையின் ஈரக்காட்டுக்கு. சாம்பல் தேவாங்குக்காகவே 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் வந்தது, 11,806 ஹெக்டேர். முட்காட்டைக் காப்பாற்றவும் ஒரு சரணாலயம் அறிவிக்கலாம் என்பதை அது காட்டியது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

18. தைலமரக் காடு பச்சையாத்தானே இருக்கு? சீமைக்கருவேலமும் மரம்தானே?

பச்சையாக இருப்பதெல்லாம் காடாகிவிடாது. சிவகங்கை, புதுக்கோட்டையில் காகிதக் கூழுக்காக வரிசையாக நட்ட தைலமரத்துக்குள் நடந்து பாருங்கள். கீழே புதர் இருக்காது, பறவைச் சத்தம் இருக்காது. மூன்றாவது பதிலில் சொன்ன முட்புதரை அழித்துத்தான் பல இடங்களில் அதை நட்டார்கள். மழைநீர் கண்மாய்க்கு ஓடி வருகிற வழியில் அவை நிற்பதாக விவசாயிகள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். வால்பாறையில் அதே கதை தேயிலைக்கு. கண்ணுக்கு அழகான பச்சைக் கம்பளம், ஆனால் இருவாச்சிக்கு அதில் ஒரு பழம் கிடையாது.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நெற்றை ஆடு மாடு தின்று சாணியில் விதையைப் பரப்பிவிட்டன. விறகும் கரியும் கொடுத்துப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்மாய்க்குள் புகுந்தால் வேறு எதையும் வளர விடாது. வெட்டும்போது தயவுசெய்து நாட்டுக் கருவேலத்தைச் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளத் திரி போல இருக்கும். வேட்டங்குடியில் பறவை கூடு கட்டுவது முன்னதில்.

19. மலையிலேர்ந்து கன்னு கொண்டாந்து நட்டா இங்கேயும் மழைக்காடு வந்துடுமா?

வராது. அக்கா தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொடுத்த ஏலச்செடியை நிழல் கட்டி, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சித்திரை பிறக்கும்போது கருகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போனது, காற்றில் ஈரமில்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்? காப்பகத்துக்குள்ளிருந்து எதையும் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நட ஆசையிருந்தால் கோயில் காட்டுக்கு வெளியே வழியில் உதிர்ந்து கிடக்கிற பழங்களைப் பொறுக்கி நாற்று விடுங்கள். மகிழம், நாவல், பாலை, வீரை, குருந்து. மெதுவாகத்தான் வளரும். முதல் இரண்டு கோடை தண்ணீர் காட்டினால் பிறகு தானே பார்த்துக்கொள்ளும்.

20. கடைசியா ஒண்ணு. எது உசத்தி? எங்கே உயிர் வகை அதிகம்?

வகைக் கணக்கில் மலைதான், பேச்சே இல்லை. உலகத்தில் வேறெங்குமே இல்லாத உயிர்கள் அங்கே அத்தனை இருக்கின்றன. அதற்காகத்தான் 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நம் உலர் பசுமைமாறாக் காடு பரப்பில் அதைவிட மிகச் சிறியது, மிச்சமிருப்பதும் துண்டு துண்டாகத்தான். மலைக்குக் காவல் நிலையமும் சட்டமும் சுற்றுலாவும் இருக்கின்றன. நம் காட்டுக்கு ஐயனார் மட்டும்தான் காவல். கோயிலைப் பெரிதாக்கிச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வரும்போது, மரத்துக்காக ஒருவராவது எழுந்து பேச வேண்டும்.

21. ரெண்டையும் ஒரே பயணத்துல பார்க்க எந்த மாசம் வரலாம்?

மார்கழி, தை. அங்கே பெருமழை ஓய்ந்து குளிர் தொடங்கியிருக்கும், அட்டையும் குறைவு. இங்கே கண்மாயில் தண்ணீர் நிற்கும், கூடுகளில் குஞ்சு இருக்கும். வால்பாறைக்கு ஸ்வெட்டர் வேண்டும், இங்கே தொப்பி வேண்டும்.

வேட்டங்குடிக்குக் காலை ஆறரைக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பெரிய பறவைகள் இரை தேடப் போய்விடும். சத்தம் போடாமல் கரையில் உட்காருங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி.